வெளியே போகாத விருந்தாளி

அத்தியாயம் 7

சரியாகப் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மதாம் ஸ்கல்லி காவல் நிலையத்துக்குப் போவார். நுஹைலாவின் பெயரில் புகார் கொடுப்பார். இப்போது பிற்பகல் இரண்டு. புகார் தட்டச்சாகி, கையெழுத்தாகி, மேசை மேல் ஸ்டேப்ளருக்கு அடியில் தயாராகக் கிடந்தது.

“முடிவு பண்ணிட்டீங்க போலிருக்கு,” என்றார் பஹீஜா. “அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“லியோன் கம்பெனிக்காரங்க கேட்டாங்க, வெளியாளை வெச்சு விசாரிச்சீங்களான்னு. விசாரிச்சோம்னு எழுதணும்,” என்றார் மதாம்.

ஸுஹைர் நோட்டைத் திறந்து ‘விசாரித்தோம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டான். “முடிஞ்சுது லல்லா. கிளம்பலாமா?”

மரியாதைக்குரிய பெண்களை அந்த ஊரில் லல்லா என்பார்கள். பஹீஜா அவன் பக்கம் திரும்பவில்லை. ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்தவர். கத்துகிறவர்களைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர், கத்தாதவர்களைச் சந்தேகப்பட்டும் பழகியவர். ஓய்வு பெற்றபின் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஸுஹைருக்கு அங்கே மூன்று வேலை: கார் ஓட்டுவது, பை தூக்குவது, பேசுவது. மூன்றாவதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

மதாம் ஸ்கல்லியின் கால் சென்டரில் முப்பத்து நான்கு பேர். பிரான்ஸில் லியோன் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கம்பெனி ஒன்றுக்காகப் போன் பேசுகிறார்கள். ஹெட்போனை மாட்டியதும் முஸ்தபா மத்தியூ ஆவான், ஃபாத்திஹா ஃபபியென் ஆவாள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சரியான நேரத்தில் மாலை வணக்கம் சொல்ல, எல்லாக் கணினியிலும் பிரான்ஸ் நேரம்தான். சொந்த செல்போன்கள் வாசலிலேயே பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். சத்தம் வராமலிருக்க ஜன்னல்களைப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது.

இவ்வளவு பூட்டையும் தாண்டி, நாலு நாள் முன்பு, ஆறாயிரம் வாடிக்கையாளர்களின் பட்டியல் வெளியே போயிருந்தது. போட்டிக் கம்பெனி அந்த ஆறாயிரம் பேரையும் கூப்பிட்டு, பேர் சொல்லி, கண்ணாடி எண் சொல்லி நலம் விசாரித்திருந்தது.

“ஒயர்லெஸ் வழியாத்தான் எடுத்திருக்கான்,” என்றார் மதாம். “நெட்வொர்க்கைப் பார்த்துக்கறது நுஹைலா. ரூட்டர்ல கதவைத் திறந்துவிட்ட பதிவு அவ பேருலதான் இருக்கு. பெருநாள் முடிஞ்சதும் ரபாத்துல அரசாங்க வேலைக்குப் போறா. போறவளுக்கு இங்க என்ன அக்கறை?”

“கேஸ் பதிவானா அந்த வேலை?”

“நன்னடத்தைச் சான்று கிடைக்காது. வேலையும் கிடைக்காது.” மதாம் ஸ்டேப்ளரை ஒரு விரலால் நேராக்கினார். “எனக்கு மட்டும் சந்தோஷமா?”

ரூட்டர் சமையலறைக்குப் பக்கத்தில், ஒரு தகர அலமாரிக்குள் இருந்தது. அலமாரியின் முன்னால் நுஹைலா நின்றாள். இருபத்தைந்து வயது. பத்து விரல்களிலும் நகத்தைக் கடித்துவைத்திருந்தாள்.

“நீ என்ன செஞ்சே, அதை மட்டும் சொல்லு,” என்றார் பஹீஜா.

“ரமலான் ஒன்பதாம் நோன்பு அன்னிக்கு, எல்லாரும் போனதும் செட்டிங்ஸை மாத்தினேன் லல்லா. அதுவரைக்கும் பழைய வகை, புது வகை ரெண்டையும் ஏத்துக்கற மாதிரி இருந்துச்சு. நான் டபிள்யூ.பி.ஏ-டூ மட்டும்னு வெச்சேன். அதுலயும் ஏ.ஈ.எஸ். மட்டும். இருபத்திரண்டு எழுத்துல பாஸ்வேர்டு. கெஸ்ட் நெட்வொர்க்கை மூடினேன்.”

“மனுஷ பாஷையில சொல்லும்மா,” என்றான் ஸுஹைர்.

அவள் யோசித்தாள். “வாசல்ல நல்ல பூட்டாப் போட்டேன். விருந்தாளிங்க வர்ற சந்துக் கதவைச் சாத்தினேன்.”

“அப்புறம்?”

“பதினோராம் நோன்பு, சாயங்காலம் நாலு ஐம்பத்திரண்டுக்கு யாரோ சந்துக் கதவைத் திறந்திருக்காங்க. அதுக்கு வெப்னு ஒரு பூட்டு போட்டிருக்காங்க. நான் பொறக்கறப்ப வந்த பூட்டு. வெளியில கார்ல உட்கார்ந்துகிட்டே பத்து நிமிஷத்துல உடைச்சிடலாம். விருந்தாளி வீடு முழுக்க நடமாடலாமான்னு ஒரு கேள்வி இருக்கும். அதுக்கும் ஆமான்னு டிக் பண்ணியிருக்காங்க.”

“பாஸ்வேர்டு என்ன வெச்சிருக்காங்க?”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.”

“ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆளு,” என்றான் ஸுஹைர்.

“இல்லை. வெப்ல அஞ்சு எழுத்து வைக்கறதுதான் சுலபமான வழி.”

ஸுஹைர் நோட்டில் ‘எண்ணத் தெரியும்’ என்று திருத்திக்கொண்டான்.

பஹீஜா அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். “ரூட்டருக்குள்ள போய் மாத்தற பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?”

நுஹைலா அலமாரிக் கதவை முழுக்கத் திறந்து காட்டினாள். கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பயனர் பெயர் நுஹைலா. கீழே பாஸ்வேர்டு, அழகான கையெழுத்தில். சுற்றிலும் பூ வேலைப்பாடு.

“மதாம் உத்தரவு. நான் லீவு போட்டா இன்னொருத்தர் பார்க்கணுமாம். எழுதினதும் அவங்கதான்.”

“இந்த அலமாரியைப் பூட்டறதில்லையா?”

“காபிப்பொடி இதுலதான் இருக்கு லல்லா.”

ஸுஹைர் எட்டிப் பார்த்தான். காபிப்பொடி இருந்தது, சர்க்கரையும் இருந்தது. நோன்பு வாயோடு இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினான். “முப்பத்து நாலு பேர் மேல சந்தேகம். சர்க்கரை போடாதவங்களைக் கழிச்சுடலாம்.”

“சந்துக் கதவு வழியா யார் யார் வந்தாங்க?” என்றார் பஹீஜா.

“ரெண்டே பேர். ரெண்டாவது ஒரு லேப்டாப். பதிமூணாம் நோன்பு, நாற்பது நிமிஷம். கார் நிறுத்தற இடத்துலேர்ந்து.”

“அவன்தான் திருடன். கேமராவுல வண்டி நம்பர் இருக்கும், போலீஸ் பிடிச்சுக்கும். முதல்ல வந்தது?”

“பதினோராம் நோன்பு. கதவு திறந்த மூணாவது நிமிஷம் உள்ள வந்துச்சு.” நுஹைலா உதட்டைக் கடித்தாள். “இன்னும் போகல.”

“ஆறு நாளாவா?”

“ஆறு நாளா. பேர் இல்லை, வெறும் நம்பர். தினமும் ஒரே ஒரு தடவை ஏதோ சின்னதாக் கேக்குது. சின்னதா ஒரு பதில் வாங்கிக்குது. அவ்வளவுதான்.”

“என் மச்சான் இல்லை,” என்றான் ஸுஹைர். “அவன் ஆறு நாள் தங்கினா வீட்ல ஒரு முட்டை மிஞ்சாது.”

பஹீஜா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “திருடன் வந்தது ரெண்டாவதா. அவன் ஏற்கெனவே திறந்திருந்த கதவுல நுழைஞ்சான். கதவைத் திறந்தது முதல் ஆளுக்காக. பழைய பூட்டு மட்டும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு இந்தக் கட்டடத்துல இருக்கு. நீ வாசலை மாத்தினதும் அது வெளியில நின்னுபோச்சு. அதுமேல இரக்கப்பட்டு ஒருத்தர் சந்துக் கதவைத் திறந்திருக்கார்.”

“இதை மதாம்கிட்ட சொன்னேன். அது என்னன்னு காட்டுன்னாங்க. கட்டடம் பூராத் தேடினேன் லல்லா. கிடைக்கல.”

“நீ மாத்தினது ஒன்பதாம் நோன்பு. அவர் திறந்தது பதினொண்ணு. நடுவுல பத்தாம் நோன்பு அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலையே. வேலை பார்த்தோம். நோன்பு திறந்தோம். வீட்டுக்குப் போனோம்.”

“ஏதோ நடந்திருக்கு.” பஹீஜா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “சந்துக் கதவை இப்பவே மூடு. யார் கத்தறாங்கன்னு பார்ப்போம்.”

நுஹைலா மூடினாள்.

யாரும் கத்தவில்லை.

ஸுஹைர் இரண்டு மணி நேரம் கட்டடத்தைச் சுற்றினான். பிரிண்டர் அச்சடித்தது. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கைரேகை வாங்கும் பெட்டி அவன் கைரேகையை மறுத்தது, ஆனால் அது அதன் வேலை. ஏர்கண்டிஷனருக்கு ஒயர்லெஸ் கிடையாது. குளிர்ச்சியும் கிடையாது. பெரிய ஹாலில் வரிசை வரிசையாக மத்தியூக்களும் ஃபபியென்களும் வறண்ட நாக்கோடு கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தார்கள். சுவரில் உயரத்தில், தொழுகை நேரங்களில் பாங்கு ஒலிக்கும் ஒரு பாங்குக் கடிகாரம், பச்சை எண்களில் நேரம் காட்டியது. ஹாலில் மொராக்கோ நேரம் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் என்றது அது. ஸுஹைருக்கு அதன் முகம் பிடிக்கவில்லை.

சமையலறையில் ஹாஜ் மைமூன் பேரீச்சம்பழங்களைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று. அறுபத்தொரு வயது. கிழக்கே உஜ்தாவிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஸ்டோர் அவர் பொறுப்பு. செல்போன் பெட்டிச் சாவிகள், விளக்கு சுவிட்சுகள், நோன்புச் சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் பெரியவர் என்பதால் சம்பளச் சண்டை, கல்யாணப் பேச்சு இரண்டுக்கும் அவரிடம்தான் போவார்கள்.

“உதவட்டுமா ஹாஜ்?”

“வேண்டாம் மகனே. உன் கண்ணு பழத்து மேல இருக்கு.”

“கண்ணுக்கு நோன்பு இல்லையே.”

ஹாஜ் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணு நுஹைலா... அவளை என்ன பண்ணப் போறாங்க?”

“நாளைக்கு ஒன்பது மணிக்குப் புகார். அப்புறம் ரபாத் வேலை போச்சு.”

ஹாஜின் கை நின்றது. ஒரு தட்டில் நாலாவது பழம் விழுந்திருந்தது. அதை எடுத்து வைக்கவும் மறந்துவிட்டார். “நாளைக்கேவா? பெருநாள் வரைக்கும் பொறுக்கக் கூடாதா? பெருநாள் கழிச்சு ஏதாவது... ஏதாவது செய்யலாமே.”

“மதாம்கிட்ட சொல்லுங்க.”

“சொல்லணும்,” என்றார் ஹாஜ். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்து, விரல் வைத்து ஒரு வரியைப் படித்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தார். பள்ளிவாசலில் கொடுக்கும் ரமலான் நேர அட்டவணை. மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது.

ஆறு மணிக்கு ஸுஹைர் பஹீஜாவிடம் திரும்பினான். அவர் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணும் கிடைக்கல லல்லா. இந்தக் கட்டடத்துல எல்லாப் பொருளும் சந்தோஷமா இருக்கு. மனுஷங்க மட்டும்தான் இல்லை. ஹாஜ் பாவம், நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்டவணையை எடுத்துப் பார்க்கறார். என்னைவிடப் பசி போல.”

“எந்த அட்டவணை?”

“பள்ளிவாசல் அட்டவணை. நோன்பு திறக்கற நேரம்.”

“ஹால்ல பாங்குக் கடிகாரம் இருக்கே. அது யார் வாங்கினது?”

நுஹைலா அலமாரிக்குப் பக்கத்திலிருந்து சொன்னாள். “ஹாஜ்தான். மூணு வருஷம் முன்னாடி ஊருக்குப் போனப்ப வாங்கிட்டு வந்து ஆபீசுக்குக் கொடுத்தார். அவருக்கு அதுல ரொம்பப் பெருமை.”

பஹீஜா சமையலறைப் பக்கம் பார்த்தார். “தான் வாங்கின கடிகாரத்தைத் தானே நம்பாத மனுஷன்,” என்றார். பிறகு நுஹைலாவிடம் கேட்டார். “சாப்பாடு எப்படி வரும்?”

“தள்ளுவண்டியில. ஹாஜ் தள்ளிட்டு வருவார். பழம், பால், தண்ணி, ஹரீரா சூப், ஷெபக்கியா இனிப்பு எல்லாம் அதுலயே வரும். பாங்கு சொன்னதும் அவர்தான் ஒவ்வொருத்தர் கையிலயும் பழம் கொடுப்பார்.”

“மேசை மேல தண்ணி பாட்டில்?”

“கூடாது. கணினி மேல கொட்டிடும்னு மதாம் விதி போட்டிருக்காங்க.”

“நல்ல விதி. பாஸ்வேர்டை எழுதி ஒட்டினவங்க இதையாவது ஒழுங்காப் போட்டாங்களே.” எழுந்தார். “நட ஸுஹைர். நோன்பு திறக்கப் போவோம்.”

“கதவு மூடித்தானே இருக்கு? திறந்துவிடவா லல்லா?” என்றாள் நுஹைலா.

“தொடாதே. நீயும் வா.”

ஹாலில் ஹெட்போன்களைக் கழற்றிவிட்டார்கள். முஸ்தபா மறுபடி முஸ்தபா ஆனான். மதாம் ஸ்கல்லியும் வந்து முதல் வரிசை ஓரமாக உட்கார்ந்தார், அவர் ரமலானில் ஊழியர்களோடுதான் நோன்பு திறப்பார். தள்ளுவண்டி உருண்டு வந்தது. ஹரீராவின் மணம் ஸுஹைரின் மூக்கில் ஏறி, மூளைக்குப் போகாமல் நேராக வயிற்றுக்குப் போனது.

கடிகாரம் பாங்கு சொல்ல ஆரம்பித்தது.

ஹாலில் ஒரே சமயத்தில் முப்பத்து நாலு பேர் மூச்சுவிட்டார்கள். முன்வரிசையில் கைகள் நீண்டன. ஸுஹைரும் கையை நீட்டினான். பழத்தட்டு அவன் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

தட்டு பின்னால் போனது.

ஹாஜ் மைமூன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னொரு கையால் தள்ளுவண்டியை இழுத்துச் சுவரோடு சேர்த்து, அதன் முன்னால் நின்றுகொண்டார்.

“வேண்டாம்! யாரும் வாயில வைக்காதீங்க! தண்ணியும் கூடாது!”

“ஹாஜ், பாங்கு சொல்லுது,” என்றாள் ஃபாத்திஹா.

“சொல்லட்டும்!”

“விளையாடாதீங்க ஹாஜ், தலை சுத்துது,” என்றான் முஸ்தபா. இரண்டு அடி முன்னால் வந்தான். ஹாஜ் ஒரு பேரீச்சம்பழத்தை அவன் மேல் எறியப்போகிறவர் மாதிரி எடுத்தார், பிறகு அது உணவு என்பது நினைவு வந்து திரும்ப வைத்தார்.

“நேரம் ஆகல. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு.”

பஹீஜா தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆறு பத்தொன்பது. “சரிதான். ஃபெஸ்ஸுக்கு இன்னிக்கு ஆறு முப்பத்தொண்ணு. ஸுஹைர், உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. அந்தக் கடிகாரத்துல கீழ் மூலையில என்ன எழுதியிருக்கு?”

ஸுஹைர் ஒரு நாற்காலி மேல் ஏறினான். எண்களுக்குக் கீழே எறும்பு அளவில் ஓர் ஊர்ப்பெயர்.

“உஜ்தா,” என்றான்.

“உஜ்தா கிழக்கே இருக்கு. அங்க சூரியன் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி மறையும். இது தினமும் ஒரு தடவை நெட்வொர்க்கைக் கேட்டு ஃபெஸ் நேரத்தை வாங்கிக்கும். நெட்வொர்க் கிடைக்கலைன்னா கடையில வெச்ச ஊருக்கே திரும்பிடும். பழைய பூட்டு மட்டும் தெரிஞ்ச கடிகாரம். இன்னிக்கு மத்தியானம் நான் சந்துக் கதவை மூடச் சொன்னேன்.” மதாம் பக்கம் திரும்பினார். “உங்க ஆறு நாள் விருந்தாளி இதுதான் மதாம். வெளியே போக முடியாது, ஆணி அடிச்சு மாட்டியிருக்கு.”

பாங்கு முடிந்தது. கடிகாரம் துஆவையும் சொல்லிவிட்டு ஓய்ந்தது. யாரும் ஆமீன் சொல்லவில்லை.

ஸுஹைர் நாற்காலியிலிருந்து இறங்கினான். “லல்லா, அவர் கத்தாம இருந்திருந்தா?” என்று கிசுகிசுத்தான்.

“நான் கத்தியிருப்பேன். ஆனா அவர் கத்துவார்னு தெரியும். ஒரு பழத்துக்கு அவ்வளவு அட்டவணை பார்க்கறவர் முப்பத்து நாலு பேர் நோன்பைப் போக விடமாட்டார்.”

மதாம் ஸ்கல்லி எழுந்து நின்றிருந்தார். “ஹாஜ், ரூட்டர்ல கை வெச்சது நீங்களா?”

ஹாஜ் மைமூன் தட்டை இன்னும் அணைத்திருந்தார். நுஹைலாவைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நகங்களை உள்ளே மறைத்து நின்றாள்.

“நான்தான்,” என்றார். “உஜ்தா கடைக்காரன்கிட்ட போன்ல கேட்டேன். இதைத் தொடு, அதைத் தொடுன்னான். தொட்டேன். பாஸ்வேர்டு காபிப்பொடிக்குப் பக்கத்துல இருந்துச்சு. திருடன் வருவான்னு தெரியாது மதாம். அல்லாஹ் மேல ஆணையா தெரியாது. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல.”

நுஹைலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாத்திஹா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை ஹாஜ்,” என்றாள் நுஹைலா. அவள் குரல் கோபமாக வர முயன்று தோற்றது. “வேற கடிகாரம் வாங்கியிருக்கலாம்.”

“என்னை இவ்வளவு தூரம் இழுத்துவிட்டீங்களே,” என்றார் மதாம். “திருட்டு வெளியில வந்ததும் சொல்லியிருக்கலாமே? ஒரு கடிகாரத்துக்காகத் தொட்டேன்னு சொல்றதுல என்ன இருக்கு?”

“சொன்னா, எதுக்குத் திடீர்னு தொட்டேன்னு கேப்பீங்க.”

“எதுக்கு?”

ஹாஜ் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஹாலில் ஹரீரா ஆறிக்கொண்டிருந்தது.

“பத்தாம் நோன்பு அன்னிக்கு என்ன ஆச்சு ஹாஜ்?” என்றார் பஹீஜா. புகார் மேசையில் இருபத்திரண்டு வருஷம் கேட்ட அதே குரல்.

“இமாம்கிட்ட போனேன்,” என்றார் ஹாஜ், தட்டைப் பார்த்து. “எல்லாருக்கும், மதாமுக்கும் சேர்த்து நானே முப்பத்தஞ்சு நாள் நோன்பு வெச்சுடறேன்னு கேட்டேன். அப்படி முடியாது, அவங்கவங்கதான் அந்த நோன்பைத் திரும்ப வெக்கணும், போய்ச் சொல்லுன்னார். பெருநாள் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். சந்தோஷமா இருந்தீங்க எல்லாரும்.”

“என்ன சொல்லணும்?” என்றான் முஸ்தபா.

“அன்னிக்கு ஷெபக்கியா பெட்டியைக் கார்லயே மறந்துட்டேன். எல்லாரும் சூப் குடிச்சிட்டிருந்தீங்க. நான் எடுக்கப் போனேன். கார்க் கதவைத் திறக்கறேன், அப்பத்தான் ஊர்ல சங்கு ஊதறாங்க. நோன்பு திறக்கற சங்கு.” அவர் தட்டை மெதுவாகத் தள்ளுவண்டியில் வைத்தார். “என் வாயில பேரீச்சங்கொட்டை இருந்துச்சு.”

முப்பத்து நாலு பேரில் சிலருக்குப் புரிந்தது, சிலருக்கு இன்னும் புரியவில்லை. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பத்தாம் நோன்பை நாம எல்லாரும் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே திறந்துட்டோம்.”